கம்பஸ் ஒப்படைக்காகத் தமிழ் விக்கிப்பீடியாவில் தாவர நடத்தை பற்றி எழுதுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராதனையிலும் பதுளையிலும் படிக்கும் தம்பி தங்கச்சிமார் சிலர் ஒப்படையாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் தாவர நடத்தை பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் அங்கே கொஞ்சக் காலமாகத் தொகுத்து வருவதால் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருகிறார்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதை விட இப்படி ஒரு பக்கமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. கேள்விகள் நீங்கள் கேட்டவைதான், கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

செடிக்கு எப்படி நடத்தை இருக்கும்? அது விலங்கியல்காரர்களின் பாடம் இல்லையா?

சூழலில் ஏதோ ஒன்று மாறுகிறது, அதை உணர்ந்து செடி தன் வளர்ச்சியையோ அசைவையோ மாற்றிக்கொள்கிறது. தாவரவியலில் இதைத்தான் நடத்தை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓடிப் போக முடியாத உயிர் என்பதால் பெரும்பாலும் வளர்ந்தே பதில் சொல்கிறது, அதனால் நம் கண்ணுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. இது புதிய கதையும் இல்லை. சார்ள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிவிட்டுப் பக்கத்திலிருந்து ஒளி காட்டினார்கள், நாற்று வளையவில்லை. நுனியைத் திறந்து வைத்தால் அதற்குக் கீழே உள்ள பகுதி வளைந்தது. உணர்வது ஓரிடம், வளைவது இன்னோரிடம் என்றால் நடுவில் ஏதோ ஒரு செய்தி போயிருக்க வேண்டும் என்று 1880 இல் எழுதினார்கள். அந்தச் செய்தியைத் தேடிப் போனவர்கள்தான் பிறகு ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனைக் கண்டுபிடித்தார்கள். ஏ.எல். உயிரியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்.

எந்தத் தலைப்பை எடுப்பது?

கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடுங்கள். வீனஸ் பூச்சிப்பொறி பற்றி எழுத எல்லோருக்கும் ஆசை, ஆனால் அது அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் இயற்கையாக வளரும் செடி. உங்களால் ஒரு படம் கூட எடுக்க முடியாது, உலகத்தின் எல்லா மொழிகளிலும் அதைப் பற்றி ஏற்கெனவே எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக வேலியில் ஏறும் சௌசௌக் கொடியைப் பாருங்கள். பற்றுக்கம்பி ஒரு குச்சியைத் தொட்டதும் சுற்றிக்கொள்வதும், பிறகு நடுப்பகுதி சுருளாகி கொடியை இழுத்துப் பிடிப்பதும் ஒரு முழுக் கட்டுரைக்குப் போதும். பூச்சியைப் பிடித்ததும் இலை மயிர்களை உள்ளே வளைக்கும் அழுகண்ணி, சின்னச் சின்னப் பக்கச் சிற்றிலைகளைச் சூடான நேரத்தில் தானாகவே சுழற்றிக்கொண்டிருக்கும் தொழுகண்ணி, மரத்தைச் சுற்றி ஏறி உறிஞ்சும் அம்மையார் கூந்தல் எல்லாம் இருக்கின்றன. அம்மையார் கூந்தலின் உறவுக்கார இனம் ஒன்றின் நாற்று, பக்கத்தில் எந்தச் செடி நிற்கிறது என்பதை அது வெளிவிடும் வாசனைப் பொருள்களை வைத்துக் கண்டுபிடிக்கிறது, கோதுமையை விடத் தக்காளியை நோக்கியே அதிகம் வளர்கிறது என்று 2006 இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இப்படி ஒரு தகவல் கிடைத்தால் கட்டுரை தானாக நகரும்.

தலைப்பைத் தெரிவு செய்த உடனே தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். இருந்தால் கவலை வேண்டாம், மூன்று வரியில் கிடக்கும் கட்டுரையை வளர்ப்பது புதிதாகத் தொடங்குவதை விடப் பயனுள்ள வேலை.

தொட்டாச்சிணுங்கியையே எடுக்கிறேன். "தொட்டால் வெட்கத்தில் சுருங்கிவிடும்" என்று தொடங்கலாமா?

வேண்டாம். வெட்கத்தைக் கவிதையில் வைத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சின்னதாக வீங்கிய ஒரு பகுதி இருக்கிறது. தொட்டதும் மின் சைகையும் கல்சியச் சைகையும் பரவி, அங்கே ஒரு பக்கத்துக் கலங்களிலிருந்து பொற்றாசியம் அயன்கள் வெளியேற, பின்னால் நீரும் வெளியேறுகிறது. வீக்கம் குறைந்த பக்கம் தளர்ந்து இலை மடிகிறது. சில நிமிடங்களில் நீர் திரும்பி வர இலை விரிகிறது. இதை எழுதினாலே வாசிப்பவர் வாயைப் பிளப்பார், மேலே சீனி தூவத் தேவையில்லை.

ஏன் மடிகிறது என்பதற்கும் இப்போது நல்ல சான்று இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் மடியவே முடியாத தொட்டாச்சிணுங்கிகளை மரபணு மாற்றத்தால் உருவாக்கி, வெட்டுக்கிளிகளை விட்டுப் பார்த்தார்கள். சாதாரணச் செடியை விட மடியாத செடியைத்தான் அவை அதிகம் தின்றன. 2022 இல் நேச்சர் கொமியூனிகேஷன்ஸ் இதழில் வந்தது, யாரும் இலவசமாக வாசிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. இது நம் ஊர்ச் செடி என்று எழுதிவிடாதீர்கள், தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலம். அப்புறம், கண்டிப் பக்கம் மகாவலிக் கரையோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து பரவிய ராட்சதத் தொட்டாச்சிணுங்கி வேறு இனம், மிமோசா பிக்ரா. புல்தரையில் கிடப்பது மிமோசா பியூடிகா. பேராதனைப் பாலத்தடியில் எடுத்த படத்தை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

எங்கள் அம்மா காலம் முழுக்கக் கொழுந்து பறித்தவர். தேயிலைச் செடி எப்படி நடந்துகொள்ளும் என்று புத்தகம் எழுதியவர்களை விட அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை எழுதலாமா?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. நேரடிப் பதில்: எழுதக்கூடாது. ஏற்கெனவே நம்பகமான ஓரிடத்தில் வெளியானதை மட்டும்தான் விக்கிப்பீடியாவில் எழுதலாம். நீங்கள் பார்த்தது, அம்மா சொன்னது, உங்கள் ஆய்வுகூடத்தில் போன கிழமை செய்த பரிசோதனை எல்லாமே "சொந்த ஆய்வு" கணக்கில் போய்விடும். பேராசிரியர் வந்து தன் சொந்த அனுபவத்தை எழுதினாலும் இதே விதிதான்.

இந்த விதி தோட்டத்து மக்களுக்குச் சாதகமானது இல்லை என்று எனக்குத் தெரியும். எழுதி அச்சில் போட்டவர்கள் துரைமாரும் ஆய்வாளர்களும்தான், பறித்தவர்கள் எழுதவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் விதியைத் தளர்த்தினால் நாளைக்கு "எங்கள் சித்தப்பா சொன்னார், இந்த வேர் புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று ஒருவர் வருவார், அவரை எப்படித் தடுப்பது?

அதனால் அம்மாவை மூலமாக வைக்காதீர்கள், வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். "கொழுந்தைக் கிள்ளினால்தான் பக்கத்தில் துளிர்க்கும்" என்கிறாரா? அந்த நடத்தைக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி வரலாறே இருக்கிறது. நுனி மொட்டிலிருந்து கீழே இறங்கும் ஒட்சின்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று 1933 இல் திமனும் ஸ்கூக்கும் காட்டினார்கள், பல காலம் அதுவே முழு விளக்கமாக இருந்தது. 2014 இல் பட்டாணியில் செய்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது: நுனியை வெட்டியதும் ஒட்சின் குறைவு கீழே எட்டுவதற்கு முன்பே பக்க மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது, அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சீனி பக்க மொட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் முதல் தூண்டல். கவ்வாத்து வெட்டியதும் செடி எப்படித் திரும்பி வருகிறது, எப்போது வெட்டலாம் என்பது பற்றித் 1925 இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளைத் தேடுங்கள். அம்மா சொன்னது அங்கே அச்சில் இருந்தால் தாராளமாக எழுதலாம். இல்லையென்றால் உங்கள் கடைசி வருட ஆய்வுக்கு ஒரு தலைப்புக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ நான் நேரில் பார்த்தது எதற்குமே உதவாதா?

உதவும், படமாக. நீங்கள் எடுத்த படத்துக்கு மூலம் கேட்க மாட்டார்கள். தொட்டாச்சிணுங்கி மடிவதை ஒரு சின்னக் காணொளியாக எடுங்கள், எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி, கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். நல்ல படம் என்றால் வேறு மொழிக் கட்டுரைகளிலும் எடுத்துப் போடுவார்கள். கூகுளில் கிடைத்த படத்தை ஏற்றாதீர்கள், நீக்கிவிடுவார்கள். கொழுந்து பறிப்பவர்களின் முகம் தெரிகிற மாதிரி எடுத்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள், சுற்றுலாப் பயணிகள் மாதிரி கமராவை நீட்டிக்கொண்டு போகவேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே எதையும் பறிக்கக் கூடாது, படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் மலைநாட்டு நெலுச் செடி பூப்பது நடத்தையா? அதுதானே குறிஞ்சி?

முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லலாம். ஒரு இனத்துச் செடிகள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் பூக்காமல் காத்திருந்து, ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, ஒன்றாகச் செத்துப்போவது தாவர உலகத்திலேயே விசித்திரமான பழக்கங்களில் ஒன்று. ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி விதை கொட்டினால் தின்பவை தின்று தீர்க்க முடியாது என்பது ஒரு விளக்கம். அதை "ஒரு விளக்கம்" என்றே எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீலகிரியிலும் மூணாறிலும் 2006 இலும் 2018 இலும் பூத்த நீலக்குறிஞ்சி தென்னிந்தியாவுக்கு உரிய இனம். ஹோர்ட்டன் சமவெளியில் 2013 இல் மலையே நிறம் மாறும் அளவுக்குப் பூத்த நெலு அதே பேரினத்தைச் சேர்ந்தது, ஆனால் வேறு இனங்கள், பல இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. இனத்துக்கு இனம் ஆண்டுக்கணக்கும் மாறும். தமிழ்நாட்டுக் கட்டுரையிலிருந்து "12 ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்தது 2030" என்று எடுத்து நம் மலைக்கு ஒட்டிவிடாதீர்கள்.

செடிகளுக்கு அறிவு உண்டு, ஞாபகம் உண்டு என்று நிரூபித்துவிட்டார்களாமே?

இந்தத் தலைப்பில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மோனிகா கலியானோவும் சக ஆய்வாளர்களும் தொட்டாச்சிணுங்கிச் சட்டிகளை 15 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழுத்தினார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்த மாதிரி செடிகள் மடிவதை நிறுத்தின, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து விழுத்தியபோதும் மடியவில்லை. 2014 இல் வெளியானது. இது கற்றலா, வெறும் களைப்பா, களைப்பை ஒதுக்கிவிடும் அளவுக்குக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் இருந்தனவா என்று மற்றவர்கள் கேட்டார்கள். 2016 இல் அதே ஆய்வாளர் பட்டாணி நாற்றுகள் விசிறிக் காற்றையும் ஒளியையும் தொடர்புபடுத்திக் கற்றன என்று எழுதினார். 2020 இல் கேசி மார்கெல் என்ற ஆய்வாளர் அதே பரிசோதனையைக் கூடுதல் செடிகளோடு திரும்பச் செய்தார், அந்த முடிவு கிடைக்கவில்லை. செய்தித்தாள்களில் முதல் ஆய்வு மட்டும் வந்தது. உங்கள் கட்டுரையில் இரண்டும் வரவேண்டும்.

நடுநிலை நோக்கு என்று விக்கிப்பீடியாவில் சொல்வது இதைத்தான். ஆனால் நடுநிலை என்றால் பாதிப் பாதி என்று அர்த்தமில்லை. துறையில் பெரும்பாலானோர் ஏற்பதற்குப் பெரிய இடம், சிலர் சொல்வதற்குச் சின்ன இடம், அதைச் சொல்கிறவர் யார் என்ற விவரத்தோடு. தாவரங்களுக்கு மின் சைகை உண்டு என்பதில் சண்டையில்லை. ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் தொட்டாச்சிணுங்கியையும் தொழுகண்ணியையும் வைத்து அதைச் சொன்னபோது ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை, இன்று அது பாடப்புத்தக விஷயம். ஆனால் அதிலிருந்து "நரம்பு மண்டலம் உண்டு", "உணர்வு உண்டு" என்று தாவினால் பெரும்பாலான தாவரவியலாளர்கள் கூட வரமாட்டார்கள். தாவரங்களுக்கு உணர்வு இல்லை, தேவையும் இல்லை என்று லிங்கன் டைஸ் உள்ளிட்ட எட்டுப் பேர் 2019 இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

மரங்கள் வேர்ப்பூஞ்சை வலை வழியாகப் பிள்ளை மரங்களுக்குச் சாப்பாடு அனுப்புகின்றன என்ற கதையும் இப்படித்தான். சூசன் சிமார்டின் 1997 ஆய்வு உண்மை, காபன் மரத்துக்கு மரம் போனது. அதன் மேல் கட்டப்பட்ட பல பெரிய கூற்றுகளுக்குக் காட்டில் போதிய சான்று இல்லை என்று 2023 இல் மூன்று ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

செடிகள் வலியில் கத்துகின்றன என்று யூடியூப்பில் பார்த்தேன்.

தண்ணீர் இல்லாமல் வாடிய, தண்டு வெட்டப்பட்ட தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து மனிதக் காதுக்குக் கேட்காத சத்தங்கள் வருவதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2023 இல் பதிவு செய்தார்கள், ஏறத்தாழ 40 முதல் 80 கிலோஹேர்ட்ஸ் வரை. நீர்க்குழாய்களில் காற்றுக் குமிழி வெடிப்பதால் வரக்கூடும் என்பது அவர்களின் கருத்து. வலி, கத்தல் எல்லாம் தலைப்பு வைத்தவர்களின் வேலை.

ஆய்வுக் கட்டுரைகளுக்குக் காசு கேட்கிறார்கள். எங்கே தேடுவது?

இலைஃப், சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ், நேச்சர் கொமியூனிகேஷன்ஸ் போன்றவை திறந்த இதழ்கள், முழுவதும் இலவசம். கம்பஸ் வலையமைப்புக்குள் இருந்து தேடினால் இன்னும் சில திறக்கும். காசு கேட்கும் இதழ்களைத் தொகுப்பாளர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும் விக்கிப்பீடியா நூலகம் என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்குக் கணக்குத் தொடங்கி ஆறு மாதமும் 500 தொகுப்புகளும் வேண்டும், முதல் ஒப்படைக்கு உதவாது. உள்ளூர்ச் செடிகளுக்கு ட்ரைமனின் பழைய இலங்கைத் தாவரக் கையேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பேராதனைத் தாவரவியல் பூங்காவிலேயே தேசிய உலர்தாவரக் காப்பகமும் இருக்கிறது. தமிழில் வந்த பழைய அறிவியல் சஞ்சிகைகளுக்கு "நூலகம்" என்ற இணையத்தளம் இருக்கிறது.

ஒரே ஒரு புதிய ஆய்வை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மீளாய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்து அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்றதை அதில் சேருங்கள்.

ஒளித்தொகுப்பா, ஒளிச்சேர்க்கையா?

இரண்டும் சரி, முதலாவது நம் பாடப்புத்தகச் சொல், இரண்டாவது தமிழ்நாட்டுச் சொல். நீங்கள் படித்ததை எழுதுங்கள், முதல்முறை வரும்போது மற்றதையும் அருகில் குறிப்பிடுங்கள், தலைப்பாக இருந்தால் இன்னொன்றைத் தேடுபவரும் இதே கட்டுரைக்கு வந்து சேர வழிமாற்று ஒன்று போடுங்கள். தமிழ்நாட்டுத் தொகுப்பாளர் யாராவது கலத்தை உயிரணு ஆக்கினால் சண்டைக்குப் போகாமல் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துப் போடலாமா? சாட்ஜிபிடி எழுதித் தந்தால்?

மொழிபெயர்க்கலாம். உரிமம் அனுமதிக்கிறது, ஆனால் சேமிக்கும்போது வரும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் எந்தக் கட்டுரையிலிருந்து என்று எழுத வேண்டும். பாடப்புத்தகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அதை மொழிபெயர்த்துப் போட்டாலும் பதிப்புரிமை மீறல்தான். கூகுள் தந்ததை அப்படியே ஒட்டினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் செடிக்கும் தொழிற்சாலைக்கும் plant என்ற ஒரே சொல் என்பதால் "இந்த ஆலை பூச்சிகளைச் சாப்பிடுகிறது" என்று தொழிற்சாலை இரை பிடிக்கும். சாட்ஜிபிடி விஷயத்தில் இன்னொரு ஆபத்து: இல்லாத ஆய்வுக் கட்டுரைக்கு ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் போட்டு அழகாக மேற்கோள் தரும். ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து வாசித்திருக்காவிட்டால் போடாதீர்கள்.

வேர்டில் தட்டியதை ஒட்டினால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதே?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள், அடுத்த முறை யூனிகோடிலேயே தட்டுங்கள். கைபேசியிலிருந்தும் தொகுக்கலாம், லயத்துப் பக்கம் சிக்னல் விழுந்து விழுந்து வரும் இடமென்றால் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்.

வகுப்பில் எல்லோரும் ஒன்றாகக் கணக்குத் தொடங்கினோம், சிலருக்கு மட்டும் முடியவில்லை.

ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் தொடங்கலாம். கணினிக்கூடத்தில் எல்லோருக்கும் முகவரி ஒன்றுதான். வீட்டில், சொந்த டேட்டாவில் முன்கூட்டியே தொடங்கிக்கொண்டு வாருங்கள். உண்மைப் பெயர் தேவையில்லை. குழுவுக்கு ஒரு கணக்கு என்று வைக்கக் கூடாது, ஒருவருக்கு ஒன்று.

கட்டுரையைப் போட்ட மறுநாளே யாரோ பாதியை வெட்டிவிட்டார். நாளைக்கு மார்க்ஸ் போடுகிறார்கள், என்ன செய்வது?

முதலில், திரும்பத் திரும்ப மீளமைக்காதீர்கள். ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் அப்படிச் செய்தால் உங்கள் கணக்கைத் தடை செய்துவிடுவார்கள். வெட்டியவர் தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதியிருப்பார், பெரும்பாலும் மூலம் இல்லை என்றோ விளம்பர நடை என்றோ இருக்கும். பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள், ஒப்படை என்றும் சொல்லுங்கள், ஆனால் "மார்க்ஸ் போய்விடும், விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. அங்கே பதில் வராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். அடுத்த முறை நேரே கட்டுரையில் எழுதாமல் மணல்தொட்டி என்ற உங்கள் சொந்தப் பயிற்சிப் பக்கத்தில் எழுதி, ஒருவரிடம் காட்டிவிட்டு நகர்த்துங்கள்.

மார்க்ஸுக்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் எழுதிய எழுத்து எங்கும் போகவில்லை. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்பும் நேரத்தோடு இருக்கிறது. உங்கள் கடைசிப் பதிப்பின் திகதியை அழுத்தினால் அது தனியாகத் திறக்கும், அந்த இணைப்பையும் உங்கள் பங்களிப்புகள் பக்கத்தின் இணைப்பையும் சேருக்கோ மிஸ்ஸுக்கோ அனுப்பிவிடுங்கள்.